லிங்கராஜபுரத்தில் ஒன்பது குஞ்சுகள்: ஒரு ரத்தக்கழிச்சல் நிகழ்வு ஆய்வு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை மருத்துவம் படித்தவள் இல்லை. ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவள். கணக்கு பார்ப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எதையும் தேதி போட்டு எழுதி வைப்பது. அந்த நோட்டு மட்டும் இல்லாவிட்டால், சந்தைக் கோழி சீக்கு கொண்டுவந்தது, குஞ்சு செத்தது என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். தப்பு என் கையில் இருந்தது எனக்கே தெரியாமல் போயிருக்கும்.

வீடு பெங்களூரு லிங்கராஜபுரத்தில். பின்பக்கம் 15-க்கு 20 அடி காலி இடம். பாதி சிமெண்ட், பாதி மண், மண் பாதியில் ஒரு தென்னை. எங்கள் தெருவில் இந்த அளவு மண் மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம். அத்தை தருமபுரிப் பக்கம். பெங்களூரு வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் கோழி கொக்கரிக்காத வீடு அவருக்கு வீடாகத் தெரியாது. மூன்று நாட்டுக்கோழிகள் இருந்தன. சேவல் கிடையாது, முன்பு ஒன்று இருந்தது, மாடியில் குடியிருந்தவர் விடியற்காலை நாலு மணிக்கு வந்து கதவைத் தட்டியதோடு அது குழம்பாகிவிட்டது. அதனால் அடை வைக்க முட்டை ஊரிலிருந்துதான் வர வேண்டும். போன வருஷம் அப்படி வந்த 12 முட்டையில் 10 பொரித்தது. ஒன்றைக் காக்கை தூக்கிக்கொண்டு போனது. மிச்சம் ஒன்பதும் தாய்க்கோழியோடு தென்னை மரத்தடியைக் கிளறிக்கொண்டு 24 நாள் வளர்ந்திருந்தன.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓசூர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் போன என் கணவர், வரும் வழியில் ஒரு வாரச்சந்தையில் நான்கு வெடைக்கோழிகளை (இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டைகள்) வாங்கி, கால் கட்டி, காரின் பின்னால் போட்டுக்கொண்டு வந்தார். பளபளப்பான கோழிகள். கொண்டை வெளுப்பில்லை, மூக்கில் சளியில்லை, பின்பக்கத்து இறகு சுத்தமாக இருந்தது. பார்த்தவுடன் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான்தான் பிடிவாதம் பிடித்தேன், ஒரு மாசம் தனியாகத்தான் இருக்க வேண்டும் என்று. அத்தை சிரித்தார். "நாலு கோழிக்கு இவ்வளவு சட்டமா கண்ணு? ராத்திரி இருட்டுல கூண்டுல விட்டா காலையில பழகிக்கும்." கொத்திக்கொள்ளாமல் பழக்குவதற்கு அது சரியான யோசனைதான். சீக்குக்கு அது பதில் இல்லையே. மாடிப்படிக்குக் கீழே பழைய முயல் கூண்டு ஒன்று கிடந்தது. அதில் வெடைகளை விட்டேன். கோழிக்கூண்டுக்கும் அதற்கும் 12 அடி. தனித் தீனித்தட்டு, தனித் தண்ணீர்க் கிண்ணம். நோட்டில் அன்றைக்கு 'தனியா வச்சாச்சு' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். இப்போது அந்த அடிக்கோட்டைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

திங்களும் செவ்வாயும் நல்ல மழை. பெங்களூருக்கு செப்டம்பர், அக்டோபர்தான் மழை கொட்டும் மாதங்கள் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை

வெடைகள் வந்த ஞாயிறை 1 என்று எண்ணினால், இது 9-ஆம் நாள். ஒரு குஞ்சு மட்டும் தாயின் இறக்கைக்கு வெளியே நின்றது. இறகெல்லாம் சிலிர்த்து, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, கண் மூடி, நின்றபடியே தூங்குவது மாதிரி. இறக்கை இரண்டும் தரையைத் தொடுகிற மாதிரி தொங்கியது. தீனியைத் தூவினால் மற்ற எட்டும் ஓடி வந்தன. இது அசையவில்லை. "குளிரு" என்றார் அத்தை. நானும் அப்படித்தான் நினைத்தேன். மழைக்குப் பிறகு ராத்திரியில் நன்றாகவே குளிர்ந்திருந்தது.

சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்து கூண்டில் விரித்திருந்த செய்தித்தாளை எடுத்தபோது, விளையாட்டுப் பக்கத்தின் நடுவில் எட்டணா அகலத்துக்கு ஒரு சிவப்பு. தக்காளித் தோல் என்று நினைத்துக் குச்சியால் தள்ளிப் பார்த்தேன். கெட்டியான ரத்தம், நடுவில் கொஞ்சம் பழுப்புச் சளி. பக்கத்தில் இன்னும் இரண்டு அதே மாதிரி. அப்படியானால் நோய் ஒன்றுக்கு மட்டும் இல்லை.

செவ்வாய் விடியற்காலை அந்தக் குஞ்சு செத்துக் கிடந்தது. மேலும் மூன்று சிலிர்த்துக்கொண்டு நின்றன.

கடைக்காரர் கொடுத்த மூன்று மருந்து

அத்தைக்கு இது வெள்ளைக்கழிச்சல். தமிழ் கிராமங்களில் கோழி எது வந்து செத்தாலும் அந்தப் பெயர்தான் முதலில் வாயில் வரும். கால்நடை மருந்துக்கடைக்காரரும் கன்னடத்தில் அதையேதான் சொன்னார், "கொக்கரே ரோகா". ரத்தம் என்றதும் யோசித்துவிட்டு மூன்று பொருளை எடுத்து வைத்தார்: ஆம்ப்ரோலியம் பவுடர், ஒரு ஆன்டிபயாடிக், 'தெம்புக்கு' ஒரு பி-காம்ப்ளெக்ஸ் டானிக். மூன்றையும் ஒரே தண்ணீரில் கலந்து வைக்கச் சொன்னார். நான் அப்படியே செய்தேன். அளவு? 'ஒரு ஸ்பூன்.' எந்த ஸ்பூன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கணக்கு பார்ப்பவள் என்று மேலே எழுதியதற்காக இங்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

புதன் காலை இன்னும் இரண்டு போய்விட்டன. ஒன்பதில் ஆறு மிச்சம்.

அன்றைக்கு லீவு போட்டேன். செத்ததில் ஒன்றை இரண்டு பிளாஸ்டிக் கவரில் கட்டினேன். ஃப்ரிட்ஜில் வைக்க அத்தை விடவில்லை ("பால் வைக்கிற எடம்!"). ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி ஒரு பெயின்ட் வாளியில் கொட்டி, அதற்குள் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோகும் பறவையை ஃப்ரீசரில் வைத்துக் கல்லாக்கக் கூடாது. உறைந்தால் திசு கெட்டுப் பாதித் தடயம் போய்விடும். குளிர்ச்சி வேண்டும், உறைதல் வேண்டாம், செத்த அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். கூடவே பழைய கோழிகளின் எச்சம், வெடைகளின் எச்சம் இரண்டையும் தனித்தனி டப்பாவில் எடுத்துப் போயிருந்தேன். அது மட்டும் நான் செய்த புத்திசாலித்தனம்.

டாக்டரம்மாவின் முதல் கேள்வி குஞ்சைப் பற்றி இல்லை. "பெரிய கோழி எத்தனை செத்தது?" ஒன்றும் இல்லை என்றதும் அவர் முகம் தளர்ந்தது. காரணம் பிறகு புரிந்தது. பெங்களூரு பறவைக்காய்ச்சலைப் பார்த்த ஊர். 2012 அக்டோபரில் ஹெசரகட்டாவில் உள்ள மத்திய அரசின் கோழிப்பண்ணையில் வான்கோழிகளுக்கு வந்தது. 2018 ஜனவரியில் தாசரஹள்ளிப் பக்கம் வந்தது. பெரிய கோழிகள் ஒரே நாளில் சடசடவென்று விழுந்தால், வாளியில் போட்டு ஆட்டோவில் எடுத்துக்கொண்டு போகவே கூடாது. கதவைச் சாத்திவிட்டுக் கால்நடைத் துறைக்குப் போன் பண்ண வேண்டும்.

உள்ளே என்ன இருந்தது

குஞ்சை மல்லாக்கப் படுக்க வைத்துக் கத்தரிக்கோலால் திறந்தார். கோழிக்குக் குருட்டுக்குடல் இரண்டு உண்டு, ஜோடியாக. நல்ல குஞ்சில் அது மெல்லிசாகப் பச்சையும் பழுப்புமாகத் தெரியும் என்றார். இதில் இரண்டும் என் சுண்டுவிரல் அளவுக்கு வீங்கி, நாவல்பழ நிறத்தில் இருந்தன. ஒன்றை நீளவாக்கில் வெட்டினார். உள்ளே கட்டி ரத்தம், அச்சில் ஊற்றி எடுத்த மாதிரி. "ரக்த பேதி" என்றார், நம் ஊரில் ரத்தக்கழிச்சல். குடல் சுவரைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு எய்மீரியா என்னும் குடல் ஒட்டுண்ணி என்று உறுதி செய்தார். குருட்டுக்குடலைத் தாக்கி இப்படி ரத்தம் கொட்ட வைப்பது அதில் டெனெல்லா என்னும் வகை.

வெள்ளைக்கழிச்சல் ஏன் இல்லை என்பதையும் கேட்டேன். அது வைரஸ், ராணிக்கெட் நோய் என்று மலை ஊர் ஒன்றின் பெயரில் வழங்குவது. அதுவாக இருந்தால் தடுப்பூசி போடாத பெரிய கோழிகளும் விழும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சுக்கு வாய் திறக்கும், தப்பினதுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். வயிற்றுக்குள் தீவனப்பைக்கு அடுத்த சுரப்பி இரைப்பையில் ரத்தப் புள்ளிகள் இருக்கும். எங்கள் குஞ்சின் இரைப்பை சுத்தமாக இருந்தது.

அடுத்து மருந்து. பையிலிருந்த மூன்றையும் மேசையில் வைத்தேன். டாக்டரம்மா டானிக் பாட்டிலை மட்டும் எடுத்து ஓரமாக நகர்த்தினார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும், ஏனென்றால் கோழி வளர்க்கும் பாதிப் பேர் இதே தப்பைச் செய்கிறோம். ஆம்ப்ரோலியத்தின் அமைப்பு தயமின் என்ற வைட்டமின் பி1 போலவே இருக்கும். எய்மீரியாவுக்குப் பெருக தயமின் வேண்டும். தயமின் என்று ஏமாந்து ஆம்ப்ரோலியத்தை வாங்கிக்கொள்கிறது, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாமல் பட்டினி கிடக்கிறது. மருந்தின் மொத்த வித்தையும் அவ்வளவுதான். அதே தண்ணீரில் பி-காம்ப்ளெக்ஸை ஊற்றினால்? அசல் தயமின் பக்கத்திலேயே கிடைக்கும்போது போலி எதற்கு? ஒரு கையால் விஷம் வைத்து மறு கையால் சோறு போட்டிருக்கிறேன். மருந்து முடிந்து குஞ்சு தேறிய பிறகு டானிக் கொடுத்தால் குற்றமில்லை.

மருந்துக்குப் பிறகு இரண்டு குஞ்சு செத்ததற்கு டானிக் மட்டும் காரணம் என்று சொல்லவும் மாட்டேன். ரத்தம் கழியும் குஞ்சு தானாக நடந்து போய்த் தண்ணீர் குடிக்காது. அதற்கு மருந்து போய்ச் சேரவே இல்லை. நடந்தவையும் தென்னை மரத்தடி மழைக் குட்டையில் குடித்துக்கொண்டிருந்தன. வேறு தண்ணீர் இருக்கும்வரை மருந்துத் தண்ணீர் வெறும் அலங்காரம்.

எங்களுக்கு எழுதிக் கொடுத்தது: 20 சதவீத ஆம்ப்ரோலியம் பவுடர், லிட்டருக்கு 1.2 கிராம், 5 நாள். பிறகு லிட்டருக்கு 0.3 கிராம், ஒரு வாரம். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். வேறு சதவீதப் பவுடர் என்றால் கணக்கு மாறும், உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1.2 கிராமை வீட்டில் எப்படி நிறுப்பது? தெருமுனையில் நகை வேலை செய்யும் பத்தர் இருக்கிறார். 5 லிட்டருக்கு 6 கிராம் என்று சொல்லி, அவருடைய தராசில் ஐந்து பொட்டலம் கட்டி வாங்கி வந்தேன். ஒரு குண்டுமணி கூடக்குறைய இருக்காது. கோழி மருந்து என்று தெரிந்ததும், தட்டை இரண்டு தடவை கழுவி வைத்தார்.

அட்டைப்பெட்டி

வீடு வந்தபோது ஆறில் இரண்டு மோசமாக இருந்தன. அவற்றை மட்டும் டிவி வந்த அட்டைப்பெட்டியில் பிரித்து வைத்தோம். பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் 60 வாட் குண்டு பல்பு. இப்போதெல்லாம் அது கிடைப்பதே கஷ்டம். எல்.இ.டி. வெளிச்சம் தரும், குஞ்சுக்கு வேண்டிய சூடு தராது. மூன்று கடை ஏறி இறங்கி, சாமி படத்துக்கு மாட்ட வைத்திருந்த ஒன்றை வாங்கினேன். பொரித்த முதல் வாரம் குஞ்சுக்கு 35 டிகிரி வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். எங்களுடையவை ஐந்தாம் வாரத்தில் இருந்தாலும் ரத்தம் இழந்தவை என்பதால் 30 வாக்கில் வைத்தேன். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சே சொல்லிவிடும். பல்புக்கடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது. எதிர் ஓரத்துக்குப் போய் வாய் திறந்து இரைத்தால் சூடு அதிகம். அதனால்தான் பெட்டி முழுக்கச் சூடாக்காமல் ஒரு ஓரத்தில் மட்டும் பல்பு.

செய்தித்தாளை எடுத்துவிட்டுப் பழைய டர்க்கி டவலைத் துண்டு போட்டு விரித்தோம். வழவழப்பில் தெம்பில்லாத குஞ்சு கால் அகட்டி விழுந்துவிடும். டவலில் ரத்தம் பட்டதும் மாற்றினோம், நாளைக்கு ஆறேழு தடவை.

மருந்துத் தண்ணீரைச் சொட்டாகக் கொடுக்கவும் ஒரு பக்குவம் இருக்கிறது. அத்தை குஞ்சின் வாயைப் பிளந்து பாலாடையில் குழந்தைக்கு ஊற்றுவது மாதிரி ஊற்றப் பார்த்தார். கோழிக்கு மூச்சுக்குழாயின் வாய், நாக்குக்கு அடியோரத்தில் திறந்தே இருக்கிறது. ஊற்றினால் நேராக நுரையீரலுக்குப் போகும். ஊசியில்லாத சிரிஞ்சில் ஒரு சொட்டு எடுத்து அலகின் பக்கவாட்டு ஓரத்தில் தொட்டால் போதும். சொட்டு தானாக உள்ளே ஊர்கிறது, குஞ்சு தலையைத் தூக்கி விழுங்குகிறது. விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. ராத்திரி பதினோரு மணிவரை அரைமணிக்கு ஒருமுறை நான், அதன் பிறகு அத்தை.

வியாழக்கிழமை விடியும்போது ஒன்று போய்விட்டது. மற்றது, நெற்றியில் மஞ்சள் பொட்டு உள்ளது, சிரிஞ்சைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டது. அத்தை என்னை எழுப்பி, "கோவம் வந்துருச்சு கண்ணு, பொழச்சுக்கும்" என்றார். அதற்குப் பிறகு சாவு இல்லை. சனிக்கிழமை டவலில் சிவப்பு நின்றது. ஒன்பதில் ஐந்து.

எப்படி வந்தது

டப்பாவில் கொண்டுபோன எச்சங்களின் முடிவு: பழைய மூன்று கோழிகளிடம் நோயின் விதைமுட்டைகள் மிகக் கொஞ்சம், வெடைகளிடம் எக்கச்சக்கம். ஆனாலும் டாக்டரம்மா அடித்துச் சொல்லவில்லை. எய்மீரியா இல்லாத கோழி மண் கிடையாது. பெரிய கோழி எதிர்ப்புச் சக்தியோடு அதைச் சுமந்துகொண்டே பளபளவென்று திரியும். கோழியில் மட்டும் எய்மீரியா பல வகை உண்டு, ஒரு வகைக்கு வந்த எதிர்ப்பு இன்னொன்றுக்கு உதவாது. எங்கள் குஞ்சுகள் எங்கள் மண்ணின் வகைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியிருக்கலாம், சந்தை வகைக்குப் பழகவில்லை. அவர் சொன்னது அவ்வளவுதான். பிறகு மழை எப்போது பெய்தது என்று கேட்டு விரல்விட்டு எண்ணினார். எச்சத்தில் விழும் விதைமுட்டை உடனே தொற்றாது. ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் பக்குவமாகும். குஞ்சு அதைக் கொத்தித் தின்ற நாலைந்து நாளில் ரத்தம். ஞாயிறு வந்த கோழி, திங்கள் செவ்வாய் மழை, புதன் வாக்கில் கொத்தல், அடுத்த திங்கள் ரத்தம். நோட்டில் தேதி இருந்ததால் கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது.

"சரி, 12 அடி தாண்டி எப்படிப் போச்சு?" என்று அத்தையிடம் வீட்டில் கேட்டேன். அத்தை பதில் சொல்லாமல் மூலையில் சாய்த்திருந்த ஈர்க்குத் துடைப்பத்தைக் காட்டினார். "வெடை கூண்டைக் கூட்டுற சீமாறு எது? குஞ்சுக் கூண்டைக் கூட்டுறது எது?"

ஒன்றேதான். காலையில் நான் முதலில் முயல் கூண்டைக் கூட்டுவேன், அது வாசலுக்குப் பக்கம் என்பதால். பிறகு அதே துடைப்பம், அதே ரப்பர் செருப்பு, தண்ணீர் மொள்ளும் அதே மக். இன்னும் இருக்கிறது. கூண்டின் தட்டைக் குழாயடியில் கழுவிவிடுவேன். சிமெண்ட் சரிவு தென்னைப் பக்கம். அந்தத் தண்ணீர் ஓடிப்போய் எங்கே தேங்கும்? குஞ்சுகள் நாளெல்லாம் கிளறும் மரத்தடியில். நான் தினமும் காலை ஏழு மணிக்கு, சுத்தம் என்ற பெயரில், பாசனம் பண்ணியிருக்கிறேன்.

பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் போட்டுத்தானே கழுவினேன் என்று மனசு அடித்துக்கொண்டது. வைரஸுக்கும் பாக்டீரியாவுக்கும் அது சரி. எய்மீரியா விதைமுட்டையின் ஓட்டை அது அசைக்காது. சுட்டெரிக்கும் வெயிலும் கொதிக்கும் தண்ணீரும்தான் வழி. அத்தை முதல் நாளிலிருந்து "ஈரந்தான் சீக்கு" என்று சொல்லி அடுப்புச் சாம்பலைத் தூவிக்கொண்டிருந்தார், தண்ணீர்ச் சட்டியைச் செங்கல்மேல் தூக்கி வைத்திருந்தார். அவர் வைத்த பெயர் தப்பு, செய்த வேலை சரி. என் விஷயம் நேர் தலைகீழ். சீரகம், மஞ்சள், சின்ன வெங்காயம் அரைத்து அவர் உருட்டிக் கொடுத்ததையும் நான் தடுக்கவில்லை. குணமானது அதனால் என்று நினைக்கவில்லை, சண்டை போடவும் தெம்பில்லை.

மரத்தடி மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டிச் சாக்கில் கட்டி அகற்றினோம். சிமெண்டில் மூன்று நாள் கொதிநீர் ஊற்றினோம். துடைப்பம் இரண்டாயிற்று, வெடைகளுடையதில் சிவப்புத் துணி. செருப்பும் அப்படியே. வேலையின் வரிசையும் மாறியது: முதலில் குஞ்சு, அடுத்து பழைய கோழி, கடைசியில் வெடை, அதன் பிறகு கை கால் கழுவி நேராக வீட்டுக்குள். அன்றைக்குத் திரும்பவும் குஞ்சுப் பக்கம் போவதில்லை.

பதினேழாம் நாள்

எல்லாம் அடங்கியது என்று நினைத்தபோது வெடைகளில் ஒன்றின் கண்ணோரத்தில் சோப்பு நுரை மாதிரி ஒரு குமிழி. ராத்திரி காதை வைத்துக் கேட்டால் மூச்சில் கரகரப்பு. இரண்டு நாளில் இன்னொன்றும் தும்மியது. டாக்டரம்மா பார்த்துவிட்டு நாட்பட்ட சுவாச நோய், மைக்கோபிளாஸ்மா என்னும் பாக்டீரியாவாக இருக்கும் என்று மருந்து எழுதினார். மருந்தில் அடங்கும், ஆனால் உடம்பை விட்டுப் போகாது. பிறகு எப்போது மழையில் நனைந்தாலும், அலைச்சல் பட்டாலும் திரும்பக் கிளம்பும், பக்கத்தில் இருப்பதற்கும் பரவும். இரண்டு வாரம் போதும் என்று பலரும் சொல்கிறார்களே, அதை நம்பி 14-ஆம் நாள் கலந்துவிட்டிருந்தால் பழைய மூன்றுக்கும் மிஞ்சிய ஐந்துக்கும் இது ஒட்டியிருக்கும். 30 நாள் என்று நான் பிடித்த பிடிவாதத்தில் உருப்படியானது இந்த ஒன்றுதான்.

நான்கையும் திரும்பச் சந்தையில் விற்றுவிடலாம் என்று என் கணவர் சொன்னார். அப்படித்தானே நமக்கும் வந்தது என்றேன். அவை மொட்டைமாடியில் தனிக் கூண்டில், சாகும்வரை தனிக் குடித்தனம். முட்டை போடுகின்றன. அடைக்கு வைக்க மாட்டோம், இந்த நோய் முட்டை வழியாகவும் குஞ்சுக்கு இறங்கும்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து ஒன்று பாக்கி இருந்தது. முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் லசோட்டா என்னும் தடுப்பு மருந்து, எட்டாம் வாரத்தில் ஊசி என்று போட வேண்டியது. முதல் இரண்டையும் நாங்கள் போடவே இல்லை. எங்களுக்குக் கிடைத்த மிகச் சின்னக் குப்பி 100 கோழிக்கு. கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தை வைக்க முடியாது. நோய் தேறிய பிறகு டாக்டரம்மா சொன்ன நாளில் வாங்கி, எட்டுக் கோழிக்கு எட்டுச் சொட்டு விட்டு, 92 கோழிக்கான மருந்தைக் குப்பியோடு கொதிநீரில் போட்டேன். வீட்டில் பத்துக் கோழி வளர்ப்பவர்களை மனசில் வைத்து யாராவது ஒரு குப்பி தயாரிக்கக் கூடாதா என்று அன்றைக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

ஐந்தில் மூன்று பெட்டை, இரண்டு சேவல். சேவல்கள் கூவத் தொடங்கியதும் ஊருக்குப் போய்விட்டன. மஞ்சள் பொட்டுக்காரி மட்டும் மற்ற இரண்டின் முக்கால் அளவில் நின்றுவிட்டாள். குடல் அந்த அளவுக்கு வெந்தால் வளர்ச்சி பின்தங்கத்தான் செய்யும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கூடப் பிறந்தவை முட்டைக்கு வந்து இரண்டு மாசம் கழித்து, போன வெள்ளிக்கிழமை அவளும் ஒரு முட்டை இட்டாள். பத்தர் தராசில் 31 கிராம்.